கதவு எப்போது திறக்கும்?

லண்டன் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில், பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன். யார்மேலும் தப்பு இல்லை, என்மேல்தான். அக்கா காரில் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. "காலையில ஒன்பது மணிக்கு இறங்குவேன்" என்று சொன்னது நான். சக்கரம் தரையைத் தொட்டதோ 7.25-க்கு. வெளியே வந்து போன் செய்தால், "நீதானடா ஒன்பதுன்னு சொன்ன, நான் இன்னும் வீட்ட விட்டே கிளம்பல" என்றாள்.

என் கணக்கு இதுதான். நியூயார்க்கில் இரவு 9 மணிக்குப் புறப்பாடு, பயணம் 7 மணி நேரம், லண்டன் 5 மணி நேரம் முன்னால். கூட்டினால் காலை 9. டிக்கெட்டில் காலை 8 என்று அச்சாகியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. தெரிந்த கணக்குதானே என்று மனசிலேயே போட்டுவிட்டேன்.

அது அக்டோபர் கடைசி வாரம். பிரிட்டனில் கோடைக்கால நேரம் அக்டோபர் கடைசி ஞாயிறோடு முடிகிறது. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீடிக்கிறது. நடுவில் உள்ள அந்த ஒரு வாரம் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் 5 இல்லை, 4 மணி நேரம்தான். மார்ச்சிலும் இதே கூத்து உண்டு. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறே கடிகாரத்தை மாற்றிவிடும், பிரிட்டன் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். ஆக அங்கே ஒரு மணி நேரம் பிசகியது. மீதி 35 நிமிடத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இயந்திரங்களைக் கொண்டுபோய் நிறுவி, ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்புவது என் வேலை. பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். எந்த ஊருக்குப் போகச் சொன்னாலும் முதலில் செய்வது, ஏதாவது ஒரு இணையதளத்தில் இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டச்சு செய்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று பார்ப்பது. எல்லாரும் செய்வதுதான். அங்கே வரும் இரண்டு எண்களை நம்பி நான் பட்ட பாடுகளில் சிலதை எழுதி வைக்கிறேன்.

முதலில் கிலோமீட்டர். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையம் சுமார் 5,540 கி.மீ. இது பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய தூரம். கணக்குக்காரர்கள் பெருவட்டத் தூரம் என்பார்கள். விமானம் பறக்கும் தூரம் அது அல்ல. பறக்கும் தூரம் எப்போதுமே இதைவிடக் கொஞ்சம் கூட, சில நாள் நிறையவே கூட. பல தளங்கள் ஊர் மையத்திலிருந்து ஊர் மையத்துக்கு அளக்கின்றன. ஆனால் விமானம் இறங்குமிடம் ஊர் மையத்திலிருந்து எங்கோ தள்ளி இருக்கும். டோக்கியோவின் நரிடா, நகர மையத்திலிருந்து 60 கி.மீ.க்கு மேல். ஸ்டாக்ஹோம் பெயரைச் சேர்த்து விற்கப்படும் ஸ்கவ்ஸ்டா, ஸ்டாக்ஹோமிலிருந்து சுமார் 100 கி.மீ.

அப்புறம் மைல் குழப்பம். தரை மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகள் கணக்கெல்லாம் கடல் மைலில். சில தளங்களில் வெறுமனே மைல் என்று போட்டிருப்பார்கள், எந்த மைல் என்று தெரியாது. நான் கிலோமீட்டரைத் தவிர வேறெதையும் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

நேரத்துக்கு வருவோம். நீண்ட தூர ஜெட் விமானம் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தை ஒட்டிப் பறக்கும். அந்த உயரத்தில் அது மணிக்கு சுமார் 900 கி.மீ. ஏறவும் இறங்கவும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால், என் கைக்கணக்கு இது: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டு. சிங்கப்பூரிலிருந்து டோக்கியோ சுமார் 5,350 கி.மீ. கணக்குப்படி 7 மணி 10 நிமிடம், நிஜத்திலும் 7-ஐ ஒட்டித்தான் வரும். டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சுமார் 8,800 கி.மீ. கணக்கில் பதினொன்றரை. இங்கேதான் கணக்கு உதைக்கும். போகும்போது 10 மணி நேரம், திரும்பும்போது 12-ஐ ஒட்டி. சராசரி எடுத்தால் நான் சொன்னதற்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் சராசரியில் யாரும் பயணம் செய்வதில்லை.

போவதற்கும் வருவதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தில் நான் முதலில் மாட்டியது வேலையில் சேர்ந்த புதிதில். லண்டனிலிருந்து நியூயார்க். வாடிக்கையாளர் மன்ஹாட்டனில் கூட்டம் எப்போது வைக்கலாம் என்று கேட்டார். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. 7 மணி நேரம் என்று தளம் சொன்னது. காலை 11-க்குக் கிளம்பினால் அங்கே பகல் 1 மணி, ஆகவே 3 மணிக்குக் கூட்டம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். டிக்கெட் வந்தபோது பயணம் 8 மணி நேரம் என்று இருந்தது. ஒரு மணி நேரம்தானே, சமாளித்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். அன்று எதிர்க்காற்று பலமாக இருந்தது, இமிக்ரேஷனில் வரிசை நீளமாக இருந்தது. நான் கூட்ட அறைக்குள் நுழைந்தது ஐந்தரைக்கு. இரண்டு பேர்தான் மிச்சம் இருந்தார்கள், அவர்களும் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

மேற்கே போனால் நேரம் கூட, கிழக்கே போனால் குறைவு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுவதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கொஞ்சம் யோசித்தால் இடிக்கும். பூமத்திய ரேகையில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்கு 1,670 கி.மீ. அதுதான் காரணம் என்றால், மேலே எழும்பிச் சும்மா நின்றாலே மேற்கே உள்ள ஊர் தானாக நம்மிடம் வந்து சேர வேண்டும். மேற்கே போகும் விமானம்தான் சீக்கிரம் போக வேண்டும். நடப்பதோ நேர்மாறு. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. வித்தியாசத்தை உண்டாக்குவது அந்தக் காற்றுக்குள் ஓடும் இன்னொரு காற்று.

ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். விமானங்கள் பறக்கும் அதே 10, 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு ஆறுபோல ஓடுகிறது. துருவத்தின் குளிரும் வெப்பப் பகுதியின் சூடும் சந்திக்கும் இடத்தில் உருவாவது. குளிர்காலத்தில் இரண்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் அதிகம், அதனால் காற்றும் பலம். சில நாள்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். ஜப்பானின் வானிலை ஆய்வாளர் வாசபுரோ ஓயிஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். வெளிநாட்டவர் படிக்கட்டும் என்று நினைத்து 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். உலகப் பொதுமொழி என்று நம்பித்தான் எழுதினார் பாவம், கிட்டத்தட்ட யாருமே படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானை நோக்கி உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் எதிர்க்காற்றில் திணறியபோதுதான் அதன் பலம் மற்றவர்களுக்கு உறைத்தது.

இந்தக் காற்று என்ன செய்யும் என்பதற்கு 2020 பிப்ரவரி நல்ல உதாரணம். சியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையிலிருந்து பார்த்தால் அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியிருந்தது. ஒலியைவிட வேகமாகப் பறந்ததா என்றால் இல்லை. காற்றுக்குள் அது தன் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது, அந்தக் காற்றே கூடச் சேர்ந்து ஓடியது. நிஜமாகவே ஒலியை முந்திய கான்கார்ட், 1996-இல் இதே வழியை 2 மணி 53 நிமிடத்துக்கும் ஒரு நொடி குறைவாகக் கடந்தது. 2003-இல் கான்கார்டை நிறுத்திய பிறகு, வேகத்தைப் பொறுத்தவரை நாம் 1960-களின் ஜெட் விமானங்களோடுதான் இருக்கிறோம்.

போகும்போது கெடுப்பதை வரும்போது காற்று ஈடுகட்டிவிடும் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். முழுசாக ஈடுகட்டாது. 5,500 கி.மீ., விமான வேகம் 900, காற்று 100 என்று வையுங்கள். எதிர்க்காற்றில் 6 மணி 53 நிமிடம், பின்காற்றில் 5 மணி 30 நிமிடம், ஆக 12 மணி 23 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர 12 மணி 13 நிமிடம்தான். கெட்ட காற்றுக்குள் நாம் அதிக நேரம் இருக்கிறோம், நல்ல காற்றுக்குள் குறைந்த நேரம். அதனால்தான் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் பறப்பதில்லை. அட்லாண்டிக்கில் காற்றைப் பார்த்துத் தினமும் புதுப் பாதைகள் போடுகிறார்கள். கிழக்கே வரும் விமானம் அந்த ஆற்றுக்குள் புகுந்து வரும், மேற்கே போகும் விமானம் அதை விட்டு விலகி, பெரும்பாலும் வடக்கே ஒதுங்கிப் போகும். தூரம் கூடினாலும் நேரம் குறையும்.

நான் இதை எப்படிப் பயன்படுத்துகிறேன் என்றால், ஒரு விமான எண்ணை முடிவு செய்யுமுன் விமானங்களைப் பின்தொடரும் தளம் ஒன்றில் அந்த எண் கடந்த ஒன்றிரண்டு வாரம் நிஜமாக எத்தனை மணிக்கு எழும்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று பார்த்துவிடுவேன். ஐந்து நிமிட வேலை. தூரக் கணக்குப் போடும் எந்தத் தளத்தையும்விட இது நம்பகமானது. ஜூலையில் பார்த்ததை ஜனவரிக்கு நம்பக்கூடாது, அவ்வளவுதான்.

அக்கா பையனுக்கு அப்போது எட்டு வயது. நான் லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போன விமானத்தைத் திரையில் பின்தொடர்ந்திருக்கிறான். இறங்கியதும் போனில் முதல் கேள்வி: "மாமா, உங்க பைலட் வழி மாறி கிரீன்லாந்துக்குப் போய்ட்டாரா?"

தட்டையான வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். லண்டனிலிருந்து நேராக மேற்கே, கொஞ்சம் கீழே இறங்கினால் லாஸ் ஏஞ்சல்ஸ். விமானமோ வில்லைப் போல வளைந்து வடக்கே ஏறி இறங்குகிறது. நாம் வழக்கமாகப் பார்க்கும் வரைபடம் 1569-இல் மெர்கேட்டர் கப்பலோட்டிகளுக்காக வரைந்த முறையிலிருந்து வந்தது. துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்து விரித்துக் காட்டும். அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அவனுடைய பூமி உருண்டையில் ஒரு நூலை இரண்டு ஊர்மேலும் வைத்து இழுக்கச் சொன்னேன். நூல் தானாக நழுவிப் போய் கிரீன்லாந்தின் மேல் நின்றது. "அப்ப மேப் பொய் சொல்லுதா?" என்றான். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எதற்கும் ஒரு உருண்டையும் ஒரு நூலும் வீட்டில் இருப்பது நல்லது.

ஆனால் நூல் காட்டும் வழியிலும் எப்போதும் போக முடியாது. திபெத்தியப் பீடபூமியின் மேல் பறக்கும் விமானங்கள் மிகக் குறைவு. அங்கே தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரம். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் உடனே 3,000 மீட்டர் அளவுக்கு இறங்கியாக வேண்டும், பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்சிஜன் கொஞ்ச நேரத்துக்குத்தான். கீழே தரையே அதைவிட உயரம் என்றால் எங்கே இறங்குவது? அதனால் சுற்றிப் போகிறார்கள். இரண்டே இன்ஜின் உள்ள விமானங்கள், ஒன்று நின்றுபோனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும்படி பாதை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியும் உண்டு. தென் அரைக்கோளத்தின் பெருங்கடல்களில் இதுவே பாதையை வளைக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் வளைப்பது அரசியல். இதை நான் என் முதுகுவலியில் உணர்ந்திருக்கிறேன். ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ 7,800 கி.மீ. 2019-இல் நான் போனபோது ஒன்பதரை மணி நேரம், ரஷ்யாவின் மேல் நேராக. ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு அதுதான் குறுக்குவழி என்று பலரும் ஹெல்சின்கி வழியாகப் போன காலம். 2022 பிப்ரவரி கடைசியில், உக்ரைன் போர் தொடங்கியதும், ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று வான்வழியை மூடின. 2023-இல் அதே இரண்டு ஊருக்கும் மறுபடி போகும் வேலை வந்தது. தளத்தில் பார்த்தால் அதே 7,800 கி.மீ., அதே ஒன்பதரை மணி நேரம். நான் அலுவலகத்துக்கு அனுப்பிய பயணத் திட்டத்தில் அதையே எழுதிவிட்டேன். டிக்கெட்டில் 13 மணி நேரம். விமானம் நார்வேயைத் தாண்டி வட துருவத்தின் பக்கமாக ஏறி, அலாஸ்கா பக்கம் இறங்கி, அங்கிருந்து ஜப்பானுக்குப் போனது. கிட்டத்தட்ட 5,000 கி.மீ. கூடுதல். துருவத்தைக் கடந்ததற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். சான்றிதழ் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கிய அன்றே தொழிற்சாலைக்கு வருவதாகச் சொல்லியிருந்த என் நிலைமை அழகாக இல்லை.

அந்தத் தளம் ஒன்றும் பொய் சொல்லவில்லை. இரண்டு புள்ளிக்கு நடுவில் தூரத்தை அளந்து, ஒரு வேகத்தால் வகுத்துக் கொடுக்கிறது. அதற்கு நாடுகளே கிடையாது. எங்காவது போர் என்று செய்தி வந்தால், போகும் வழியில் அந்த நாட்டின் வானம் இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது என் பழக்கம். 2019-இல் பாகிஸ்தான் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை தன் வான்வழியின் பெரும்பகுதியை மூடி வைத்திருந்தபோது, அதற்குச் சம்பந்தமே இல்லாத பயணிகள் எத்தனை பேர் சுற்றிப் போனார்கள்!

சரி, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரமாவது பறக்கும் நேரமா? அதுவும் இல்லை. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, போய்ச் சேருமிடத்தில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் கணம் வரை உள்ள நேரம் அது. நடுவில் ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலே வட்டமடிப்பது எல்லாம் சேர்த்தி. ஆம்ஸ்டர்டாமில் போல்டர்பான் என்ற ஓடுபாதையில் இறங்கினால், அங்கிருந்து கட்டடத்துக்கு வரவே கால் மணி நேரம் ஊர வேண்டியிருக்கும். நெடுஞ்சாலைக்கு மேலே பாலத்தில் விமானம் போவதை ஜன்னலில் பார்க்கலாம், அது ஒரு வேடிக்கை. லண்டன் ஹீத்ரோவைச் சுற்றி நான்கு இடங்களில் விமானங்களை அடுக்கடுக்காக வட்டமடிக்க விடுகிறார்கள். இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான் நிறுவனங்கள் அட்டவணையில் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போடுகின்றன. 15 நிமிடத்துக்குள் தாமதமானால் அதைத் தாமதமாகவே எண்ணுவதில்லை என்பது இந்தத் தொழிலின் வழக்கம். ஆகவே "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று விமானத்தில் அறிவிக்கும்போது நான் கை தட்டுவதில்லை. அந்த இருபது நிமிடம் ஏற்கெனவே சேர்த்து வைத்ததுதான்.

முன்னதாக வந்தாலும் பிரச்சினை தீராது. ஒருமுறை 40 நிமிடம் முன்னால் இறங்கி, நிற்க இடம் காலியாகவில்லை என்று 50 நிமிடம் ஓடுபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். செல்போன்களை எல்லாரும் போட்டுவிட்டார்கள். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று ஐம்பது குரல். யாரும் வந்திருக்கவில்லை.

வந்துசேர்ந்த நேரம் எது என்பதை ஒரு நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்-பான் போன ஒரு விமானம். ஐரோப்பிய விதிப்படி தாமதம் 3 மணி நேரம் ஆனால் இழப்பீடு உண்டு. சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிற்குமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். எதை எடுத்துக்கொள்வது? 2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னது: பயணிகள் இறங்கும்படி குறைந்தது ஒரு கதவாவது திறக்கும் நேரம்தான் வந்துசேர்ந்த நேரம். காரணமும் நியாயமானது. கதவு மூடியிருக்கும் வரை பயணி அடைத்து வைக்கப்பட்டவர், தன் வேலையைப் பார்க்க முடியாதவர். இந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. அதிலிருந்து என் எல்லாக் கணக்கும் கதவில்தான் தொடங்குகிறது.

கதவுக் கணக்கு தெரியாமல் நான் கொடுத்த விலை ஒரு முழு டிக்கெட். ஒரு ஐரோப்பிய விமான நிலையத்தில் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை நானே கோத்து வாங்கியிருந்தேன். முதல் விமானம் இறங்குவதற்கும் இரண்டாவது கிளம்புவதற்கும் நடுவில் 2 மணி 20 நிமிடம். தாராளம் என்று நினைத்தேன். விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியது. கதவு திறக்க 20 நிமிடம். தனி டிக்கெட் என்பதால் பெட்டியை எடுத்து வெளியே வந்து மறுபடி போட வேண்டும், பெட்டி வர 35 நிமிடம். வேறு கட்டடத்துக்குப் பேருந்தில் 20 நிமிடம். அதற்குமேல் எதிர்ப்பக்கக் கணக்கு: இரண்டாவது விமானத்தின் செக்-இன் கவுன்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். என்னுடைய 140 நிமிடத்தில் நிஜமாக இருந்தது 80. அதில் 75 இப்படியே போயிற்று. மிச்சம் 5 நிமிடம், கவுன்டரில் எனக்கு முன்னால் ஒரு பெரிய குடும்பம். எதிரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், "மன்னிக்கவும் சார், மூடியாயிற்று" என்று.

ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் பெட்டியை அவர்களே மாற்றியிருப்பார்கள், தவறவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றுவதும் அவர்கள் பொறுப்பு. தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும் என்றால் இப்போது நான் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்து வைப்பதில்லை, அதுவும் கைப்பெட்டியோடு மட்டும். கடைசி விமானத்தை இரண்டாவதாக வைப்பதே இல்லை.

பசிபிக் கடல் நடுவே, தாண்டினால் தேதி மாறிவிடும் தேதிக்கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறினால் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலை இறங்கலாம், கிளம்பிய நேரத்துக்கும் முன்னால். வேடிக்கையாக இருக்கும். திரும்பும்போது அது ஒரு நாளைப் பிடுங்கிக்கொள்ளும். டிக்கெட்டில் வந்துசேரும் நேரத்தின் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருக்கும், அதைக் கவனிக்காமல் ஒரு நாள் முன்னாலேயே அறை பதிவு செய்திருந்தேன். நான் வரவில்லை என்று அந்தப் பதிவையே ரத்து செய்துவிட்டார்கள். அதிலிருந்து அறை பதிவு செய்யும்போது டிக்கெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தேதியை விரலால் தொட்டுப் படிக்கிறேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரிதான் இருக்கும், பரவாயில்லை.

குறுகிய தூரங்களில் தூரமும் பறக்கும் நேரமும் கிட்டத்தட்ட அர்த்தமே இழந்துவிடுகின்றன. ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு விமானம் உண்டு, 2.7 கி.மீ., இரண்டே நிமிடம். கடல் குறுக்கே இருப்பதால் அதற்கு நியாயம் இருக்கிறது. டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு அப்படி இல்லை. வானில் 400 கி.மீ., ஒரு மணி பத்து நிமிடம். ரயிலில் 515 கி.மீ., இரண்டரை மணி நேரம். எண்ணைப் பார்த்தால் விமானம்தான். உடன் வந்த நண்பர் அப்படியே அடம்பிடித்தார். சரி, நீங்கள் விமானத்தில் போங்கள், நான் ரயிலில் வருகிறேன் என்றேன். இருவரும் தங்கியிருந்தது டோக்கியோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். காலை 8-க்கு ஒன்றாகக் கிளம்பினோம். நான் 8.20-க்கு வண்டி ஏறி 11-க்கு முன்னால் ஷின்-ஒசாகாவில் இறங்கிவிட்டேன், வழியில் ஃபூஜி மலையும் தெரிந்தது. அவர் விமான நிலையத்துக்குப் போக 40 நிமிடம், அங்கே ஒரு மணி நேரம், பறக்க ஒரு மணி பத்து நிமிடம், வெளியே வந்து பேருந்து பிடிக்க 50 நிமிடம் என்று கணக்கைக் கூட்டிக்கொண்டே வந்து சேர்ந்தபோது 11.40. "பறந்தது நான்தான் வேகமா" என்றார். அதை நான் மறுக்கவில்லை.

என் அனுபவத்தில் 500 கி.மீ.க்குள் நல்ல ரயில் இருந்தால் விமானத்தைத் தேடுவதில்லை. 800-க்கு மேல் யோசிப்பதில்லை, விமானம்தான். நடுவில் உள்ளதற்கு வாசலிலிருந்து வாசல் வரை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பேன்.

இன்னொன்று, சின்னதுதான். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யும்போது நாட்டையும் பாருங்கள். சிட்னி என்று ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள சிட்னியில் போய் இறங்கியவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். சான் ஹோசே என்றால் கோஸ்டா ரிகாவிலும் உண்டு, கலிபோர்னியாவிலும் உண்டு. நான் இதில் மாட்டவில்லை. ஆனால் ஒருமுறை இங்கிலாந்தின் பர்மிங்காம் என்று நினைத்து அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள பர்மிங்காமுக்குத் தூரம் பார்த்துக்கொண்டு, ஏன் இவ்வளவு நேரம் காட்டுகிறது என்று பத்து நிமிடம் முழித்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் அக்காவுக்கு நான் அனுப்பும் செய்தியில் புறப்படும் நேரம் இருக்காது, தூரம் இருக்காது. டிக்கெட்டில் உள்ள வந்துசேரும் நேரத்தை அப்படியே படமெடுத்து அனுப்புவேன், கீழே விமான எண். அவள் திரையில் பார்த்துக்கொள்கிறாள், என்னைவிட நன்றாகவே. போன மாதம் இறங்கி, விமானம் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே போனைப் போட்டு "வந்துட்டேன்கா" என்றேன்.

"கதவத் திறந்துட்டானா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"அப்ப வைடா. திறந்ததும் கூப்பிடு, நான் அப்புறம்தான் கார் எடுப்பேன்."